கேபபிலிட்டிக்குத் தமிழ்: திறனா, இயலுமையா?

கோட்டையூர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நீதி பற்றிய பாடங்களைத் தமிழாக்கும் நம் வேலையில் மூன்றாம் பாடம் ஒரே ஒரு சொல்லுக்காக நின்றுபோயிருக்கிறது. கேபபிலிட்டி என்பதற்குத் திறன் என்று ஒருவரும், ஆற்றல் என்று ஒருவரும், வல்லமை என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறீர்கள். வரைவின் ஒரு பத்தியில் மூன்றும் மாறி மாறி வருவதைக் கண்டேன். அதைப் படிக்கும் மாணவர் இவை மூன்று வெவ்வேறு கருத்துகள் என்றே எண்ணிக்கொள்வார். நான் இயலுமை என்னும் சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீள்கிறது, பொறுத்தருள்க.

இந்தக் கருத்து எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1979 மே 22 அன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் ஆற்றிய டேனர் சொற்பொழிவின் தலைப்பே ஒரு கேள்விதான்: எதில் சமத்துவம்? எல்லாரும் சமம் என்று சொல்வதற்கு யாரும் தயங்குவதில்லை. எதை அளந்து பார்த்துச் சமம் என்பது என்று கேட்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன. மனநிறைவை அளக்க வேண்டும் என்பது பயன்முதல்வாதிகளின் விடை. உரிமைகள், வாய்ப்புகள், வருமானம், தன்மதிப்புக்கான சமூக அடித்தளம் ஆகிய முதன்மைப் பொருள்கள் யாரிடம் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பது 1971இல் வெளியான நூலில் மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் தந்த விடை. சென் இரண்டையும் ஒதுக்கினார். ஒரே அளவு பொருள் இரண்டு பேரிடம் இருந்தாலும் அதைக்கொண்டு இருவரும் ஒரே வாழ்வை வாழ்ந்துவிட முடியாது என்பதால், ஒருவர் உண்மையில் என்ன செய்யவும் என்னவாக இருக்கவும் அவருக்கு வழி திறந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த வழி திறந்திருத்தலுக்குத்தான் இப்போது நாம் பெயர் தேடுகிறோம்.

என் வீட்டிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டவை. எங்கள் வீட்டில் ஏழு படி ஏறினால்தான் திண்ணை, அதைத் தாண்டி முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போகும் வழியெங்கும் ஒரு சாண் உயர நிலைப்படிகள். அப்பத்தாளுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஆறு ஆண்டுகள் அவர் அந்தப் படிகளை இறங்கவில்லை. வட்டிப் பணம் மாதந்தோறும் வந்தது. சமையலுக்கு ஆள் இருந்தது. பெட்டகத்தில் இருந்தது அப்படியே இருந்தது. பொருளைக் கணக்கெடுத்தால் ஊரிலேயே குறைவில்லாதவர் அவர்தான். மனநிறைவைக் கேட்டாலும், “எனக்கென்னப்பா, மகராசியா இருக்கேன்” என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னார். ஆனால் இரண்டு தெரு தள்ளியிருந்த பிள்ளையார் கோயிலுக்கு அவரால் போக முடியவில்லை. பிறகு ஒரு தச்சர் வந்து பலகையும் சட்டமுமாக ஒரு சாய்தளம் செய்து கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அப்பத்தாள் கோயிலுக்குப் போய் வந்தார். அந்த நாளில் அவருடைய திறன் கூடிவிட்டதா என்று கேட்டால் இல்லை. கால் முன்போலவேதான் இருந்தது. வருமானமும் கூடவில்லை. ஆனாலும் முந்தைய நாள் வரை இல்லாத ஒன்று அன்று அவருக்கு இருந்தது. அதைத் திறன் என்று எழுதினால் வாக்கியம் பொய்யாகிவிடும்.

திறனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் குழுவில் பெரும்பாலோர் அந்தச் சொல்லின் பக்கம் நிற்கிறீர்கள். எளிமை கருதியே நிற்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. இன்றைய தமிழில் திறன் ஏற்கெனவே சுமக்கும் சுமைகளைப் பாருங்கள். இயற்பியல் வகுப்பில் ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவு திறன், கிணற்று மோட்டாரில் குதிரைத்திறன், சட்டைப்பையில் திறன்பேசி, அரசு அறிக்கையில் திறன் மேம்பாடு. கடைசியாகச் சொன்னதுதான் நமக்குப் பெரிய இடையூறு. திறன் மேம்பாடு என்பது ஒருவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வேலைச் சந்தைக்கு ஏற்றவராக்குவது. அது நல்ல காரியம்தான். ஆனால் அங்கே மனிதர் உற்பத்திக்கு உதவும் கருவியாக மதிக்கப்படுகிறார். மனித மூலதனம் என்னும் கருத்துக்கும் தம் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க 1997இல் சென் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கல்வி ஒருவரின் விளைச்சலைக் கூட்டுகிறது என்பது முதற்கருத்து. படிக்கவும், வாதிடவும், பிறர் தம்மை மதிக்கும்படி வாழவும் அது வழி செய்கிறது, விளைச்சல் கூடாவிட்டாலும் அந்த மதிப்பு குறையாது என்பது இரண்டாவது. திறன் என்று எழுதினால் மாணவர் முதற்கருத்தையே கேட்பார். ஆசிரியர் எழுதாத ஒன்றை மொழிபெயர்ப்பு கற்பித்துவிடும்.

வல்லமையில் வெல்லும் ஒலி இருக்கிறது. வல்லரசும் வல்லவனும் உடன் வந்துவிடுகிறார்கள். தகைமை இலங்கையில் கல்வித் தகுதி என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. இரண்டையும் விட்டுவிடலாம்.

ஆற்றலை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. ‘ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்’ என்னும் 225ஆம் குறளைச் செனுடைய எடுத்துக்காட்டோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். நோன்பிருப்பவர் வயிறும் காலிதான், பஞ்சத்தில் அடிபட்டவர் வயிறும் காலிதான். உடலுக்குள் போன உணவை அளந்தால் இருவரும் ஒன்று. ஆனால் நோன்பிருப்பவருக்கு உண்ணும் வழி திறந்திருந்தது, அவர் உண்ணவில்லை. மற்றவருக்கு அந்த வழியே இல்லை. நடந்ததை மட்டும் பார்க்காமல், நடந்திருக்கக்கூடியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்குச் சென் இதைத்தான் காட்டுவார். பசியைத் தாங்குபவரையும் பசியை மாற்றுபவரையும் அருகருகே நிறுத்தி, பின்னவரின் ஆற்றலே மேல் என்றார் வள்ளுவர். இரண்டும் ஒரே கருத்து என்று சொல்ல வரவில்லை. வள்ளுவர் ஈகையைப் பேசுகிறார், சென் நீதியைப் பேசுகிறார். இருந்தாலும் ஆற்றல் என்னும் சொல் இவ்வளவு அருகில் வந்து நிற்கிறதே என்ற ஆசை எனக்கும் இருந்தது. பள்ளிப் பாடநூல்கள் அதை இயற்பியலுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. சூரிய ஆற்றலையும் அணு ஆற்றலையும் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் அதே சொல்லுக்குப் புதுப்பொருள் சொல்லி நிலைநிறுத்துவது கடினம்.

இனி இயலுமை. நம் ஊர்ப்பக்கத்தில் “எனக்கு ஏலல” என்று சொல்லாத கிழவிகள் இல்லை. ஏலும், ஏலாது என்பவை இயலும், இயலாது என்பவற்றின் பேச்சு வடிவமாகவே என் காதில் விழுகின்றன; இலங்கைத் தமிழிலும் அவை அன்றாட வழக்கு. அங்கே இயலுமை என்னும் பெயர்ச்சொல்லும் எழுத்தில் புழங்குகிறது. ஆக, நாம் புதிதாக எதையும் வார்க்கவில்லை, இருப்பதை எடுத்து ஓர் இடத்தில் வைக்கிறோம். கடைக் கணக்கில் பேரேடும் ஐந்தொகையும் நிலைத்தது எப்படி? யாரோ குழு கூடி ஆக்கித் தந்தவை அல்ல அவை. பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதியவர்களின் வாயில் இருந்தவை, பிறகு வணிகவியல் பாடநூலுக்குள் போயின.

வழக்கில் இருப்பது ஒரு காரணம் என்றால், இலக்கணம் இன்னொன்று. எனக்கு அதுவே பெரிய காரணம். “அவரிடம் திறன் இல்லை” என்னும் வாக்கியத்தில் குறை அவருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. “அவருக்கு இயலவில்லை” என்னும்போது அவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். இயலாமல் போனதற்கு அவர் காலும் காரணமாகலாம், படியும் காரணமாகலாம், ஊராரின் வாயும் காரணமாகலாம். வாக்கியம் எதையும் முன்கூட்டியே தீர்ப்பளிப்பதில்லை. கேட்பவர் இயல்பாகவே “ஏன் இயலவில்லை?” என்று அடுத்த கேள்விக்குப் போகிறார். செனுடைய சிந்தனையின் உயிர்நாடி அந்த அடுத்த கேள்விதான். உடல்நிலை, சமூக வழக்கம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கையில் உள்ள பொருளை வாழ்வாக ஆக்கித் தருகின்றன, அல்லது ஆக்கவிடாமல் தடுக்கின்றன என்பார் அவர்.

இதற்கு அவர் பக்கத்து எடுத்துக்காட்டு சைக்கிள். நமக்கோ அது பக்கத்து மாவட்டச் செய்தி. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களுக்கானதையே எடுத்து ஓட்டினார்கள். சைக்கிள் அதற்கு முன்பும் பல வீட்டுத் தாழ்வாரங்களில் சாத்தியேதான் கிடந்தது. அந்தப் பெண்களுக்குக் கால் பலமும் இருந்தது. தலையில் கல் சுமந்தவர்களுக்கு மிதிக்கவா பலம் இருக்காது? ஊர் என்ன சொல்லுமோ என்பது ஒன்றுதான் நடுவில் நின்றது. கூட்டமாக ஓட்டத் தொடங்கிய பிறகு ஊர் சொல்வது ஓய்ந்தது. திறன் மேம்பாடு என்ற தலைப்பில் இதை எழுதுகிறவர் பயிற்சியைப் பற்றி மட்டும் எழுதுவார்; இயலுமை என்று எழுதுகிறவர் ஊரையும் சேர்த்து எழுதியாக வேண்டும்.

இனிச் சில சிறு செய்திகள். சென் இதை ஒருமையில் சொல்கிறார், இதே அணுகுமுறையை வளர்த்த மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாம் பன்மையில் சொல்கிறார். அது பிழையோ சோம்பலோ அன்று. சென் பேசுவது ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடிய வாழ்வுகள் எல்லாம் அடங்கிய ஒரே தொகுதியை. நுஸ்பாம் பேசுவது ஒவ்வொரு குடிமகனுக்கும் குறைந்தபட்ச அளவில் உறுதிசெய்யப்பட வேண்டிய பத்தை: உயிர், உடல்நலம், பற்றும் பாசமும், நடைமுறை அறிவு, பிறரோடு கூடி வாழ்தல், விளையாட்டு என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆகவே செனுக்கு இயலுமை, இயலுமைத் தொகுதி, நுஸ்பாமுக்கு இயலுமைகள். மை ஈற்றுப் பண்புப்பெயர் பன்மை ஏற்குமா என்று ஒருவர் ஐயம் எழுப்பியிருந்தார். உரிமை உரிமைகளாகவும் கடமை கடமைகளாகவும் ஆகி நெடுநாளாயிற்று. பட்டியலில் மூன்றாவதாக வருவதை நம் முதல் வரைவு ‘உடல் நேர்மை’ என்று எழுதியிருக்கிறது. உடல் எப்படி நேர்மையாக இருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அடி உதைக்கும் பாலியல் வன்முறைக்கும் அஞ்சாமல் நடமாடுவது அங்கே பேசப்படுகிறது. ‘உடலின் மீறப்படாமை’ என்று மாற்றியிருக்கிறேன்.

அணுகுமுறை என்பதைக் கோட்பாடு என்று மாற்ற வேண்டாம். இது எதை அளக்க வேண்டும் என்று சொல்லும் பார்வையே தவிர முழு நீதிக் கோட்பாடு அன்று என்பதைச் சென் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார். நுஸ்பாமும் தம்முடையதைக் குறைந்தபட்ச நீதிக்கான, பகுதியளவிலான ஒரு கோட்பாடாகவே முன்வைக்கிறார்.

‘அடிப்படை இயலுமை’யில் ஒரு கண்ணி இருக்கிறது. 1979 சொற்பொழிவில் சென் இந்தச் சொற்றொடரால் குறித்தது நடமாடுதல், போதிய உணவு பெறுதல், உடுத்தவும் ஒதுங்கவும் வழி இருத்தல் போன்ற, எவருக்கும் இல்லாமல் போகக்கூடாத சிலவற்றை. நுஸ்பாம் அதே சொற்றொடரைப் பிறந்த குழந்தையிடம் வித்தாக இருக்கும் ஆற்றல்களுக்கு வைக்கிறார். அவை வளர்ந்து பயிற்சி பெற்ற நிலை ஒன்று, அந்த வளர்ச்சியோடு அதைப் பயன்படுத்தும் புறச்சூழலும் கூடிய நிலை வேறொன்று. ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக எழுதினால் மாணவர் வழுக்கி விழுவார். செனுக்கு அடிப்படை இயலுமை, நுஸ்பாமுக்கு வித்தியலுமை, உள்ளியலுமை, கூட்டியலுமை என்று பிரித்திருக்கிறேன்.

மிஞ்சியிருப்பது, ஒருவர் உண்மையில் செய்வதையும் இருப்பதையும் குறிக்கும் ஃபங்க்‌ஷனிங். செயற்பாடு என்று எழுதினால் செய்வது மட்டும் வரும். நலமாக இருத்தல், வெட்கமின்றி நாலு பேர் முன் நிற்றல் போன்ற ‘இருத்தல்’கள் விடுபடும். செயலும் நிலையும் சேர்ந்ததால் ‘செயல்நிலை’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதில் எனக்கு முழு நிறைவில்லை. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

தேவகோட்டை

தம்பிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சில தடைகளை எழுப்ப வேண்டியிருக்கிறது. தம்பி அழகாக எழுதியிருக்கிறது. அழகாக எழுதப்பட்டதைத்தான் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

முதலாவது, இயலுமையின் எதிர்ச்சொல். இயலாமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவரின் நினைவுதான் வருகிறது. ‘இயலாதவர்களுக்கு உதவுங்கள்’ என்று உண்டியலில் எழுதிவைக்கும் நாடு இது. உடற்குறை உடையவர்களைப் பழைய பெயர்களால் அழைத்து வந்ததை மாற்றி மாற்றுத்திறனாளிகள் என்று அரசே வழங்கத் தொடங்கியிருக்கும் காலத்தில், திறனை எடுத்துவிட்டு அவர்களை மறுபடியும் இயலாமையின் பக்கம் தள்ளுகிறோமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

இரண்டாவது, இயல் என்னும் வேர். இயல், இயல்பு, இயற்கை எல்லாம் பிறவியிலேயே அமைந்ததைச் சொல்லும் சொற்கள். தம்பி சொல்லும் கருத்தோ, அமைந்ததை மட்டும் பார்க்காதே, அமைக்கக்கூடியதையும் பார் என்பது. வேர் ஒரு பக்கமும் பொருள் மறுபக்கமும் இழுக்காதா? பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் ஒல்லுதல் இருக்கிறது. ‘ஒல்லுவது ஒல்லும் என்றலும்’ என்று தொடங்கும் புறநானூற்று 196ஆம் பாட்டில், தன்னால் கொடுக்க இயன்றதை இயலும் என்று சொல்வதும், எவர்க்கும் இயலாததை இல்லையென்று மறுப்பதும் நட்புக்குரியவை என்று ஆவூர் மூலங்கிழார் பாடுகிறார். ஒல்லுமை என்று ஆக்கினால் வேறு எந்தச் சுமையும் இல்லாத தூய சொல் கிடைக்கும். மாணவர்கள் சிரிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஆகவே வற்புறுத்தவில்லை.

செயல்நிலை வேண்டாம். அதைக் கேட்கிறவர் ‘செயல்படும் நிலை’ என்றுதான் புரிந்துகொள்வார். இயந்திரம் செயல்நிலையில் இருக்கிறது என்று பலகை வைப்பார்களே, அது போல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது சொல்லைப் பற்றியது அன்று, ஆனாலும் பாடத்தில் வர வேண்டியது. நுஸ்பாம் குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்ளக்கூடாது, ஆள் ஒவ்வொருவரும் தனித்தனி இலக்கு என்று வலியுறுத்துவதை வரைவில் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறோம். நம் ஊர் மாணவருக்கு அதை விளக்கப் பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. நகரத்தார் கோயில் கணக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயிலுக்கு வரி வாங்குவதற்கு அந்தக் கணக்கு ஏற்றதுதான், அதில் பிழை காண நான் வரவில்லை. ஆனால் ஒரு வீட்டில் யார் உண்டார், யார் மருந்து வாங்கினார், யார் வெளியே போய் வந்தார் என்று அறிய விரும்புபவர் புள்ளியை எண்ணிப் பயனில்லை. அரைப்புள்ளியாகப் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

கோட்டையூர்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து படித்தேன். செயல்நிலையைக் கைவிட்டுவிட்டேன். இயந்திரப் பலகை என் கண்ணில் படாமல் போனது வியப்புதான். முதல் முறை வரும்போது ‘செயல்களும் இருப்புகளும்’ என்று விரித்து எழுதி, பிறகு ‘வாழ்கூறு’ என்று சுருக்கலாமா? ஒருவரின் வாழ்வு என்பது இத்தகைய செயல்களும் இருப்புகளும் ஒன்றோடொன்று பின்னிய தொகுப்பு என்று சென் சொல்வதால், அந்தத் தொகுப்பின் ஒரு கூறு என்று பொருள் பொருந்தி வருகிறது.

இயல் என்னும் வேரைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு விடை தேடியபோது நமக்கு வெகு அருகிலேயே கிடைத்தது. மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தைத் தமிழாக்கியபோது அதற்கு வைத்த பெயர் மண்ணியல் சிறுதேர். மண்ணால் இயன்ற சிறு தேர். அங்கே இயல் என்பதற்குப் பிறவிக் குணம் என்று பொருள் இல்லை. ஆக்கப்பட்டது என்று பொருள். சங்கப் பாட்டில் இயல்தல் நடத்தலும் ஆகும். ஆக, இயற்கை என்பதற்குள் இருக்கும் அதே வேர் ஆக்குதலையும் நடத்தலையும் கூடுதலையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. ஊன்றுகோல் பிடித்து நடந்த பெரியவர் அந்தப் பெயரை வைத்தார் என்பதும் இந்த இடத்தில் என் நினைவுக்கு வருகிறது. அது வாதம் அன்று, எழுதாமல் இருக்க முடியவில்லை.

இயலாமை பற்றிய உங்கள் அச்சம் இதைவிடக் கனமானது. மாற்றுத்திறனாளி என்னும் சொல் இழிவைத் துடைக்க வந்தது, அதை யாரும் எடுக்கப் போவதில்லை. அது ஆளைக் குறிக்கும் பெயர், நாம் தேடுவது நிலையைக் குறிக்கும் பெயர். ஆனால் அந்த நல்ல சொல்லே ஒரு வேலையைச் செய்யாமல் விடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னிடம் வேறு திறன் இருக்கிறது என்று அது ஆறுதல் சொல்கிறது. பேருந்துப் படி ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. இயலாமை என்னும் சொல்லோ அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியது, நாம் அதை மனிதரின் மேல் ஒட்டாமல் இருந்தால். எனவே பாடத்தில் ஓரிடத்திலும் ‘இயலாதவர்’ என்று எழுதுவதில்லை, ‘இயலாமல் ஆக்கப்பட்டது’ என்றோ ‘இயலாமை நேர்ந்தது’ என்றோ மட்டுமே எழுதுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். விதி மீறப்பட்ட இடங்களை நீங்கள்தான் சிவப்பு மையால் சுழித்துத் தர வேண்டும்.

ஒல்லுமை எனக்குப் பிடித்திருக்கிறது. சிரிப்பார்கள் என்பதும் உண்மை.

புள்ளிக் கணக்கைப் பற்றி நீங்கள் எழுதியது பாடத்தின் ஒரு பெரிய குறையைக் காட்டிவிட்டது. சென் அடிக்கடி எடுத்தாளும் ஒரு கணக்கெடுப்பு நம் வரைவில் இல்லை. வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் எடுத்தது அது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அந்த நாட்டில் அந்த ஆண்டில் கைம்பெண்களின் உடல் அவ்வளவு நலமாகவா இருந்திருக்கும்? குறையைக் குறை என்று சொல்லவே அவர்களுக்குப் பழக்கமில்லை. மனநிறைவைக் கேட்டு நீதியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. “மகராசியா இருக்கேன்” என்று என் அப்பத்தாள் சொன்னதை முதல் கடிதத்தில் நான் எழுதிவிட்டு, அதை ஒரு வேடிக்கையைப் போலத் தாண்டிப் போனேன். அவரும் அரைப்புள்ளியாகத்தான் இருந்தார்.

கிடைப்பதற்கு ஏற்பச் சுருங்கிப்போன இத்தகைய விருப்பத்தை நம் வரைவு ‘தகவமைந்த விருப்பம்’ என்கிறது. உயிரியல் பாடத்தின் வாடை அடிக்கிறது. ‘எட்டாத பழம் புளிக்கும்’ என்னும் நரிக்கதையை ஜான் எல்ஸ்டர் 1983இல் இதற்குப் பயன்படுத்தியிருப்பதால் அந்தக் கதையை விளக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிங்கூர்ப் பெண்கள் பழம் புளிக்கும் என்று சொல்லவில்லை. பழம் என்று ஒன்று தங்களுக்கு உண்டு என்பதே அவர்கள் நினைவில் இல்லை. ‘ஒடுங்கிய விருப்பம்’ என்று எழுதியிருக்கிறேன்.

கையில் உள்ள பொருளை வாழ்வாக ஆக்கித் தருபவற்றைக் குறிக்கும் கன்வெர்ஷன் ஃபேக்டருக்கு வரைவில் இருந்த ‘மாற்றுக் காரணி’யையும் எடுத்துவிட்டேன். மாற்றுத்திறனாளியும் மாற்றுக் காரணியும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் இரண்டுக்கும் உறவு தேடுவார். ‘ஆக்கக் காரணி’ என்று இட்டிருக்கிறேன்: உடல்சார், சமூகஞ்சார், சூழல்சார் ஆக்கக் காரணிகள். தடுப்பவையும் இதில் அடங்கும் என்பதால் ‘ஆக்க’ என்பது ஒருபக்கமாகச் சாய்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு இன்னும் என்னிடம் விடையில்லை.

திருத்திய பன்னிரண்டு பக்கங்களை அடுத்த வாரம் ஆளிடம் கொடுத்துத் தேவகோட்டைக்கு அனுப்புகிறேன். ஐந்தாம் பக்கத்தில் அப்பத்தாளின் சாய்தளத்தைச் சேர்த்திருக்கிறேன். எட்டாம் பக்கத்தில் புள்ளிக் கணக்குக்கு இடம் விட்டிருக்கிறேன், ஆச்சி. அதை நீங்களே எழுதித் தர வேண்டும்.